குண்டு விழும் நேரம்: அழுத்தத்தில் உருகிய பாறையை அளக்க எந்த வழி?

சாதாரண காற்றழுத்தத்தில் பசால்ட் என்ற எரிமலைப் பாறையை உருக்கி, அதன் பாகுநிலையை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மையை, அளப்பது பெரிய விஷயமல்ல. மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) ஒரு தண்டை விட்டுச் சுழற்றி, எவ்வளவு விசை பிடிக்கிறது என்று பார்த்தால் போதும். 1 ஜிகா பாஸ்கல் அழுத்தம், அதாவது ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஆழம் என்று வந்துவிட்டால் தண்டு நுழைய இடமே கிடையாது. அங்கே கைகொடுப்பது பள்ளிக்கூடத்து ஸ்டோக்ஸ் விதிதான்: உருகலுக்குள் ஒரு உலோகக் குண்டைப் போட்டு, விழும் வேகத்தைப் பார்ப்பது. அதை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் போட்டி.

பழைய வழியில் குண்டு விழுவதை யாரும் பார்ப்பதில்லை. பாறையும் குண்டும் அடைத்த சிறு குப்பியைச் சூடேற்றி, குறித்த நேரம் வைத்து, சட்டென்று குளிர்வித்து, குண்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெட்டிப் பார்ப்பார்கள். 1976-இல் குஷிரோ, யோடர், மைசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பசால்ட், ஆண்டிசைட் (இன்னொரு எரிமலைப் பாறை) உருகல்களை இப்படித்தான் அளந்தார்கள். சிக்கல் என்னவென்றால், குண்டு எப்போது கிளம்பியது என்று நமக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாட்டினக் குண்டு, 1 பாஸ்கல்-வினாடி (பாகுநிலையின் அலகு) பாகுநிலையில் 2 மில்லிமீட்டர் இறங்க 20 வினாடி போதும். சூடேற்றி முடிப்பதற்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும்! அதுவே 1,000 பாஸ்கல்-வினாடி என்றால் ஐந்தரை மணி நேரம். அப்போது தொடக்கத்தில் நேரும் பிழை பொருட்டே இல்லை.

இன்னொன்று சின்க்ரோட்ரான் (துகள்முடுக்கி) தரும் எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தும் வழி. அதில் குண்டின் நிழலையே படம் பிடிக்கலாம். எப்போது கிளம்பியது, சீரான வேகத்தை எட்டியதா, சுவரை உரசியதா, எல்லாம் தெரியும். பாகுநிலை குறைந்த, எளிதில் ஓடும் உருகல்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்பேன். ஆனால் கருவியில் நேரம் கிடைக்க விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அப்புறம், கதிர் ஊடுருவ வேண்டுமே. பிளாட்டினக் குப்பி அதை மறைத்துவிடும். கிராஃபைட்டோ போரான் நைட்ரைடோ வைத்தால் உருகலில் உள்ள நீர் கசிந்துபோகும்.

அதனால் நீர் கலந்த ரையோலைட் (சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறை) என்றால் நான் பழைய வழிக்கே ஓட்டுப் போடுவேன். ஷா என்ற ஆய்வாளர் 1963-இல் நீருள்ள அப்சிடியனை (எரிமலைக் கண்ணாடியை) 2,000 பார், அதாவது 0.2 ஜிகா பாஸ்கல் வரை அளந்ததும் குண்டை வைத்துத்தான்.

கண்ணாடிபோல் இறுகிய நிலைக்கு இரண்டுமே உதவாது. அழுத்தக் கலத்தில் இரு தட்டுகளுக்கிடையே வைத்து நசுக்க வேண்டும், அதுவும் குறைந்த அழுத்தங்களில்.

சரி, எந்த வழியானாலும் குண்டை உள்ளே வைக்குமுன் நுண்ணோக்கியில் நன்றாக அளந்துகொள்ளுங்கள். ஸ்டோக்ஸ் விதியில் ஆரம் வர்க்கமாக வருவதால், அதில் 10 சதவீதம் பிசகினால் விடையில் 20 சதவீதம் பிசகும்.