கையெழுத்துப் போட்ட மட்டை, ஜெர்சி, பந்து: எந்த பிரேம் காப்பாற்றும்?

எங்கள் வீட்டில் ஒரு கிரிக்கெட் மட்டை இருக்கிறது. 1987–88இல் வாசுதேவன் தலைமையில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியினர் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 1954–55க்கு அப்புறம் நமக்குக் கிடைத்த இரண்டாவது கோப்பை அது. அப்பா அந்த மட்டையால் ஒரு பந்துகூட ஆடியதில்லை. கூடத்துச் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டார். இருபது வருடம் மாலை வெயில் அதன்மேல் விழுந்தது. கறுப்பு மையில் இருந்த பெயர்களை இன்றும் படிக்கலாம். நீல பால்பாயின்ட் பேனாவில் போட்டவை பாதிக்குமேல் போய்விட்டன. மட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய பள்ளம் மட்டும் தெரியும்.

பிரேம் விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்தது அந்த மட்டையால்தான். அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக ஒரு ஜெர்சி, இரண்டு பந்துகள், சில புகைப்படங்கள், கடைசியில் அந்த மட்டை என்று பிரேம் போட அலைந்திருக்கிறேன். சென்னையில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: பக்கத்துத் தெரு பிரேம் கடை, ஆன்லைனில் வாங்கும் ரெடிமேட் பெட்டி, ஓவியக் கூடங்களுக்கு வேலை செய்யும் பிரேம்காரர்கள். மூன்றிலும் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

தெருக்கடையா, ஆன்லைன் பெட்டியா, கலைக்கூட பிரேமா?

தெருக்கடைக்காரரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாமி படம், கல்யாண போட்டோ என்று ஆயிரக்கணக்கில் பிரேம் போட்ட கை அது. மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் அறுத்து இடைவெளி தெரியாமல் சேர்ப்பதை அவர்களிடம் பார்க்க வேண்டும். பிரச்சினை அவர்களுடைய வழக்கமான முறையில் இருக்கிறது. படத்தின்மேல் கண்ணாடி நேராக ஒட்டி உட்காரும், பின்னால் ஹார்ட்போர்டு, சுற்றிலும் ஆணி, அதன்மேல் காகித டேப். முருகன் படத்துக்கு இது போதும். கையெழுத்துக்கு ஆகாது.

என் முதல் பாடம் அப்படித்தான் வந்தது. ஒரு வீரர் கறுப்பு மார்க்கரில் கையெழுத்திட்ட புகைப்படத்தை ஒரு கடையில் கொடுத்தேன். அழகாகத்தான் செய்து தந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் பார்த்தபோது படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது படத்தின் மேல்பூச்சு உரிந்து கையெழுத்தின் கடைசி எழுத்தோடு கண்ணாடிக்குப் போய்விட்டது. புகைப்படத் தாளின் மேல்பூச்சு ஈரத்தில் இளகும். காய்கிறபோது தொட்டுக்கொண்டிருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இடையில் ஒரு மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கேட்டு வாங்க எனக்குத் தெரியவில்லை.

ஆன்லைன் பெட்டிக்கு ஒரு பெரிய நன்மை: கதவு வைத்திருப்பார்கள், நாமே திறந்து மூடலாம். உள்ளே ஜெர்சியை மாட்ட ஒரு ஹேங்கர் கம்பி இருக்கும், பசை கிடையாது. எதையும் நிரந்தரமாக ஒட்டாத பிரேம் என்ற வகையில் தெருக்கடையைவிட இது பாதுகாப்பானது. ஆனால் ஜெர்சி அதன் முழு எடையையும் தோளிலேயே தாங்கித் தொங்கும். சில மாதங்களில் கழுத்துப் பகுதி தொய்ந்து, மார்பில் இருக்கும் கையெழுத்து மடிப்புக்குள் போய்விடும். முதுகுப்பலகை பெரும்பாலும் எம்டிஎஃப், அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதிலிருந்து மெதுவாக வெளிவரும் அமில வாயு மூடிய பெட்டிக்குள்ளேயே சுற்றும். புற ஊதாப் பாதுகாப்பு என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள், எத்தனை சதவீதம் என்று கேட்டால் நான் வாங்கிய இடத்தில் பதில் வரவில்லை.

கலைக்கூட பிரேம்காரர்கள் செய்வது சுத்தமான வேலை. அமிலமில்லாத போர்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, பின்னாளில் பிரித்தெடுக்கத் தோதான கட்டுமானம் என எல்லாம் சரியாக இருக்கும். விலை அதிகம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். திரும்பக் கிடைக்காத பொருளென்றால் யோசிக்காமல் அங்கே போங்கள்.

மற்றவற்றுக்கு நான் கடைசியில் வந்து சேர்ந்த வழி: வேலை தெருக்கடையில், பொருள் நம்முடையது. அமிலமில்லாத போர்டையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்கையும் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்) நானே வாங்கிக்கொண்டு போகிறேன். பீடிங் (பிரேமின் ஓரச் சட்டம்), அறுப்பு, பொருத்தும் வேலை எல்லாம் கடைக்காரர் கையில். “படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது, பின்பக்கம் ஆணிக்குப் பதில் ஸ்குரு.” இந்த மூன்றை மட்டும் சொல்வேன். ஒருமுறை காரணத்தை விளக்கிச் சொன்ன பிறகு, அந்தக் கடைக்காரர் மற்றவர்களுக்கும் மவுண்ட் வைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பீடிங்கில் குறையுங்கள். தங்க நிறப் பூவேலைப் பீடிங் கையெழுத்தை ஒரு நாள்கூடக் கூடுதலாகக் காப்பாற்றாது.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

சாதாரணக் கண்ணாடி வெயிலின் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மையை மங்கவைக்கும் யுவி-ஏ கதிரில் பெரும்பங்கு உள்ளே வந்துவிடும். இதற்கென்றே செய்த தடுப்புக் கண்ணாடியும் தடுப்பு அக்ரிலிக்கும் 98, 99 சதவீதம்வரை நிறுத்தும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கடையில் ஏமாறுவது சுலபம். நல்ல தயாரிப்பென்றால் கண்ணாடியின்மேலோ அக்ரிலிக்கின்மேலோ ஒட்டியிருக்கும் காகிதத்தில் சதவீதம் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

அளவு பெரிதாகும்போது எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கை மடித்த ஒரு ஜெர்சிக்கு மூன்றடிக்கு இரண்டரை அடி பிரேம் வேண்டுமென்று வையுங்கள். 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 5 கிலோவுக்குமேல் வரும். அதே அளவு அக்ரிலிக் இரண்டரைக் கிலோ. பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஆணி பிடிக்குமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். கீழே விழுந்தாலும் அக்ரிலிக் சில்லுசில்லாக உடைந்து ஜெர்சியைக் கிழிக்காது.

குறையும் உண்டு. அக்ரிலிக் சீக்கிரம் கீறும், தூசியை இழுக்கும், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் மங்கிப்போகும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். நம் ஊர் வெயிலில் அது கொஞ்சம் விரியவும் செய்யும். பிரேமுக்குள் இறுக்கிப் பொருத்தினால் நடுவில் வளைந்துவிடும் என்பதால் ஓரத்தில் இடம் விடச் சொல்லுங்கள். என் தேர்வு: ஜெர்சிக்கும் மட்டைக்கும் அக்ரிலிக், சின்னப் புகைப்படத்துக்குத் தடுப்புக் கண்ணாடி.

ஆனால் எவ்வளவு நல்ல தடுப்பானாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்காது. அதுவும் மையைத் தின்னும். அமெரிக்காவின் 1776 சுதந்திரப் பிரகடனத்தை 1841 முதல் 1876 வரை ஒரு அலுவலகத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டிவைத்திருந்தார்கள். அதன் கையெழுத்துகள் இன்று அரைகுறையாகத்தான் தெரிகின்றன, அந்த 35 ஆண்டு வெளிச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இப்போது அது ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டியில் மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் துணிக்கும் காகிதத்துக்கும் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வைத்துக்கொள்ளும். நம் கூடத்தில் பகலில் ஜன்னல் பக்கம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

ஜெர்சி: பசையா, பிளாஸ்டிக் முள்ளா, தையலா?

ஜெர்சிதான் அதிகம் கெடுகிறது, ஏனென்றால் அதை நிற்கவைக்க ஏதாவது செய்தாக வேண்டும். கடைகளில் நடப்பது மூன்று. ஒன்று, ஸ்பிரே பசையோ டபுள் டேப்போ. வேகமான வேலை. சில வருடங்களில் பசை பழுப்பாகித் துணியின் முன்பக்கம் கறையாக ஊறி வரும். எடுக்க வழியே இல்லை. இரண்டாவது, துணிக்கடையில் விலைச்சீட்டு மாட்டும் துப்பாக்கியால் பிளாஸ்டிக் முள் குத்துவது. பசையைவிட மேல், வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் ஊசி தடிமனானது. பாலியஸ்டர் பின்னலில் அது போட்ட ஓட்டை மூடாது, இழை ஓடவும் கூடும்.

மூன்றாவது தையல். ஜெர்சியின் வடிவத்தில் அமிலமில்லாத போர்டை வெட்டி உள்ளே நுழைத்து, பருத்தித் துணி சுற்றிய பின்பலகையோடு ஓரத் தையல் ஓடும் இடங்களில் மட்டும் மெல்லிய நூலால் அங்கங்கே பிடிப்பது. ஏற்கெனவே தையல் போன வழி என்பதால் புது ஓட்டை விழுந்தது தெரியாது. வேண்டும்போது நூலை நறுக்கினால் ஜெர்சி போன மாதிரியே கையில் வரும். அரை நாள் வேலை. பல பிரேம் கடைகளில் செய்ய மாட்டார்கள், ஆனால் பக்கத்திலிருக்கும் தையல்காரர் செய்வார். எனக்கு ரவிக்கை தைக்கும் ஒரு அக்காதான் செய்து கொடுத்தார். நான் பார்த்த எல்லா ஜெர்சி பிரேம்களிலும் அதுதான் நேர்த்தி.

மடிப்பதற்கு முன் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2023 மே 14 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஆட்டம் முடிந்ததும் கவாஸ்கர், தான் போட்டிருந்த சட்டையின் மார்பிலேயே தோனியிடம் கையெழுத்து வாங்கினார். அப்படி முன்பக்கம் இருந்தால் முன்பக்கம் காட்டியே பிரேம் போட வேண்டும். எண்ணும் பெயரும் இருக்கிற முதுகுதான் அழகு என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். சுருக்கம் எடுக்கக் கையெழுத்தின்மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்கவே கூடாது, மார்க்கர் மை சூட்டில் பரவும். துவைக்கவும் வேண்டாம்.

மட்டையும் பந்தும்

2017 அக்டோபர் முதல் உள்ள விதிப்படி மட்டையின் நீளம் 96.52, அகலம் 10.8, தடிமன் 6.7 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆக உள்ளே நாலு அங்குல ஆழம் இருந்தால் எந்த மட்டையும் அடங்கும். சில இடங்களில் பின்னாலிருந்து மட்டைக்குள்ளேயே ஸ்குரு ஏற்றிப் பலகையோடு பிடித்துவிடுகிறார்கள். வில்லோ மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், அந்த ஓட்டையிலிருந்தே பிளவு தொடங்கலாம். ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணி ஒட்டிய இரண்டு தாங்கிகள் போதும், ஒன்று கைப்பிடிக்குக் கீழே, ஒன்று அடிப்பகுதியில். மட்டைக்கு எண்ணெய் போடும் பழக்கத்தைக் கையெழுத்துக்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும், எண்ணெய் மையைக் கரைத்து மர ரேகையோடு இழுத்துக்கொண்டு போகும்.

பந்துக்குப் பிரேமே வேண்டாம் என்பேன். அதன் குறுக்களவு 7.3 சென்டிமீட்டருக்குள்தான், ஒரு சின்ன அக்ரிலிக் கனசதுரப் பெட்டியில் வளையத்தின்மேல் உட்கார்ந்துவிடும். நாலு பக்கமும் பார்க்கலாம், விரல் படாது.

பெட்டி மரத்தில் இருக்கலாமா, அலுமினியமா? தேக்கு நல்லதுதான், ஆனால் மலிவு மரத்துக்குக் கரையான் வரும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் அலுமினியத்துக்கே போகலாம். எதுவானாலும் பின்பக்கம் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்துச் சுவரிலிருந்து விலக்குங்கள். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவர் வேண்டவே வேண்டாம். காற்றே புகாமல் அடைப்பதும் நம் கடற்கரை ஊருக்குச் சரிப்படாது. அடைக்கும்போது உள்ளே மாட்டிய ஈரம் பூஞ்சையாகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் வருடத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துக் காயவைக்க வேண்டும், அதற்கும் திறக்கிற பெட்டிதான் தோது.

உண்மைச் சான்றிதழ் இருந்தால் அதன் நகலை மட்டும் பிரேமுக்குள் வையுங்கள், மூலம் பீரோவில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கிய அன்று எடுத்த போட்டோ, ஆட்டத்தின் டிக்கெட் எல்லாவற்றுக்கும் இதேதான்.

அப்பாவின் மட்டை இப்போது அலுமினியப் பெட்டியில், தடுப்பு அக்ரிலிக் போட்டு, ஜன்னல் இல்லாத நடையின் உள்சுவரில் இருக்கிறது. பெட்டிக்குள் போவதற்கு முன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு பள்ளத்தையும் படம் எடுத்தேன். மங்கிப்போனவற்றில் மூன்று பெயர்களை அந்தப் படங்களிலிருந்து அப்பா அடையாளம் சொல்லிவிட்டார். மற்றவை யாரென்று அவருக்கும் நினைவில்லை.