கியூபெக் அரசின் இலவச பிரெஞ்சு வகுப்பு: ஒரு தொழிலாளியின் மதிப்பீடு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நிலையாகக் குடியேற நினைக்கும் எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது, மாகாண அரசின் பிரெஞ்சு கற்பிக்கும் சேவையான ‘பிரான்சிசாசியோன் கியூபெக்’ வகுப்புகளைத்தான். மத்திய அரசு திறன்மிகு தொழிலாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறை இங்கே செல்லாது. கனடா அரசுடன் கியூபெக் செய்துகொண்ட 1991 ஒப்பந்தத்தின்படி திறன்மிகு தொழிலாளர்களை மாகாண அரசே தேர்ந்தெடுக்கிறது. மாண்ட்ரியல் பட்டறையொன்றில் கடைசல் எந்திரம் இயக்கும் எனக்கு, மாகாணத்தின் திறன்மிகு தொழிலாளர் தேர்வுத் திட்டத்தின் முதல் பிரிவில், கியூபெக்கின் மொழி அளவுகோல்படி பேச்சு பிரெஞ்சு 7ஆம் நிலையும் எழுத்து 5ஆம் நிலையும் தேவை.

2023 ஜூனில் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் கிடையாது. பகலெல்லாம் எந்திரத்தின்முன் நிற்பவர்கள் மாலையில் இணையவழியே படிக்கலாம். எங்கள் ஆசிரியை வினைச்சொல் அட்டவணையில் தொடங்கவில்லை. மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்பது, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வாசிப்பது என்று தொடங்கினார். அருமையான முறை! கூச்சம் அங்கேயே போயிற்று. எழுத்துக்கு மட்டும் வீட்டிலும் உழைக்க வேண்டும்.

ஓர் ஆலோசனை நிறுவனம், மாகாண அரசின் குடியேற்ற இணையதளமான அரிமாவில் குடியேறும் விருப்பத்தைப் பதிவதற்கே என்னிடம் பெருந்தொகை கேட்டது. அந்தப் பதிவு இலவசம். தயவுசெய்து ஏமாறாதீர்கள்; அந்தப் பணம் மொழித்தேர்வுக்கு உதவும். மாகாண அரசின் அழைப்பு வந்தபின், அது நம்மைத் தேர்ந்தெடுத்ததற்கான கியூபெக் தேர்வுச் சான்றிதழுக்கு விண்ணப்பம், பிறகு மத்திய அரசிடம் நிரந்தர வதிவிட விண்ணப்பம். இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு.