612 ÷ 6: எந்த முறையை முதலில் சொல்லித் தருவது?

612ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. வாய்ப்பாடு தெரியாமல் வரும் தவறு இல்லை இது. ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு, இரண்டும் சரிதான். நடுவில் வர வேண்டிய பூச்சியம்தான் காணாமல் போகிறது. வகுத்தல் முறைகளை எடைபோட எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நெடுமுறை வகுத்தலில் இலக்கங்களை ஒவ்வொன்றாக இறக்குகிறோம். 1ஐ இறக்கியதும் "போகாது, மேலே 0 போடு" என்கிறோம். ஏன் போட வேண்டும்? அந்த முறை பதில் சொல்வதில்லை. முதலில் நிற்கும் 6 உண்மையில் 600 என்பதையும் அது காட்டுவதில்லை.

இடமதிப்பில் பிரித்தால் கதை வேறு. 6 நூறு, 1 பத்து, 2 ஒன்று. ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நூறு. ஒரே ஒரு பத்தை ஆறு பேருக்கும் பத்தாகவே கொடுக்க முடியாது, அதனால் பத்தின் இடத்தில் 0. அந்தப் பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள், இருக்கும் 2ஐயும் சேர்த்தால் 12, ஆளுக்கு 2. விடை 102. ஆளுக்கு நூறு கிடைத்துவிட்டது என்று தெரிந்த பிள்ளை, 12 என்ற விடையைத் தானே சந்தேகப்படும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 72 ÷ 4க்கு 70, 2 என்று பிரித்துவிட்டு, 70 சரியாக வகுபடவில்லையே என்று பிள்ளை திகைத்து நிற்கும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கையில் கொடுங்கள். ஏழு கட்டில் நான்கு போய்விடும். மீந்த மூன்று கட்டையும் அவிழ்த்தால் 30, அதோடு 2. ஆக 72 என்பது 40, 32. விடை 10 + 8 = 18. எண்ணை இலக்கப்படிதான் உடைக்க வேண்டும் என்றில்லை, வகுக்கும் எண்ணுக்குத் தோதாகவும் உடைக்கலாம் என்பது பிடிபட இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பகுதி பகுதியாகக் கழிப்பது மூன்றாவது வழி. 156 ÷ 12இல் முதலில் பத்துப் பன்னிரண்டு, 120 போக மீதி 36, அதில் இன்னும் மூன்று, மொத்தம் 13. ஈரிலக்க எண்ணால் வகுக்க இது இதமான முறை. ஆனால் 12, 12 என்று பதின்மூன்று தடவை கழிக்கும் பிள்ளை எங்காவது சறுக்கிவிடும்.

8,736 ÷ 24 போன்ற கணக்குக்கு நெடுமுறையின் சுருக்கம் வேறெதிலும் வராது. அதனால் அதை விட வேண்டாம், பின்னால் தள்ளினால் போதும். அப்புறம் சொல்லித் தரும்போதும் நூறு, பத்து, ஒன்று என்று மேலே தலைப்பு எழுதிக்கொண்டு, "இறக்கு" என்பதற்குப் பதில் "மீந்த பத்தை ஒன்றுகளாக மாற்று" என்றே சொல்லுங்கள்.