மூவிங் ஹெட் விளக்கைத் திருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்தில் ஒளியமைப்புத் தொழில் செய்பவர்களும் மண்டபக்காரர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நகரிலுள்ள ஒரு திருத்தகத்தில் எனக்கு நடந்த அநியாயம் இது.

என்னுடைய பீம் மூவிங் ஹெட் (தலையைத் திருப்பி ஒடுங்கிய கதிர் வீசும் மேடை விளக்கு) ஒன்று, மின்சாரம் கொடுத்ததும் தலையைச் சுழற்றித் தொடக்க இடத்தைத் தேடும். அகப்படாமல் முட்டி நின்று, திரையில் 'பான்' (தலையின் இடம்-வலச் சுழற்சி) பிழை காட்டும். விளக்குக்குக் கட்டளை கொண்டுவரும் டிஎம்எக்ஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போட்டாலும் அதே பிழைதான். ஆகவே கோளாறு விளக்குக்குள்ளேயே இருந்தது. கேபிள் இல்லாதபோது ஒழுங்காக நின்று, மாட்டியதும் துள்ளினால் கதை வேறு. அப்போது கேபிளையும், விளக்குக்குக் கொடுத்த டிஎம்எக்ஸ் முகவரி எண்ணையும், வரிசையின் கடைசி விளக்கில் டிஎம்எக்ஸ் செருகியின் 2ஆம் 3ஆம் ஊசிகளுக்கிடையே இருக்க வேண்டிய 120 ஓம் தடையியையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திருத்தகத்தில் கொண்டுபோய்க் காட்டியபோது மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "தம்பி, மெயின் போர்ட் எரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும்" என்றார் முதலாளி. எல்லாவற்றையும் இயக்கும் அந்தப் போர்ட் எரிந்திருந்தால் திரை எப்படி ஒளிர்கிறது, மற்ற மோட்டார் எப்படி ஒழுங்காகச் சுழல்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்பதே பதில். திருவிழாக் காலம்; வேறு வழியில்லாமல் கொடுத்தேன். 48,000 ரூபா வாங்கினார்கள். பற்றுச்சீட்டில் 'திருத்தம்' என்ற ஒரே சொல்.

இணுவிலில் ஒரு கோயில் முன்றலில், இசைக்குழு பாடிக்கொண்டிருக்கும்போதே விளக்கின் தலை மறுபடியும் முட்டி நின்றுவிட்டது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வெளிச்சம். பக்கத்து விளக்குகளின் கதிர் பால்போல் வெண்மையாக நிற்க, இது மட்டும் மங்கி மஞ்சளித்திருந்தது.

சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். என் முன்னாலேயே திறந்தார். போர்ட்டின் மூலையில் நான் முன்பு நீல மையால் போட்ட புள்ளி அப்படியே இருந்தது. மாற்றியதாகப் பணம் வாங்கிய போர்ட், என்னுடைய அதே பழைய போர்ட்! உண்மையான கோளாறு, சுழற்சியை அறியும் ஒளி உணரியில் இருந்தது. புகை இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் புழுதியும் சேர்ந்து அதன் கண்ணை மூடியிருந்தன. அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தார், தளர்ந்திருந்த பெல்ட்டை இறுக்கினார். தலை உடனே தன் இடத்தைக் கண்டுபிடித்தது. கூலியாக அவர் கேட்ட தொகையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு.

பிறகு மின்குமிழைக் கழற்றிக் காட்டினார். நான் தை மாதம் புதிதாகப் போட்டது அது. ஆனால் உள்ளே இருந்ததன் கண்ணாடிக் குழல் கறுத்துப் புடைத்திருந்தது. கொடுக்குமுன் நான் எடுத்து வைத்த படத்திலிருந்த எண்ணும் இதிலிருந்த எண்ணும் வேறு. என் நல்ல குமிழை எடுத்துக்கொண்டு யாரோ கழித்துவிட்டதை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். இது பணத்தோடு போகிற விஷயமல்ல. உள்ளே உயர் அழுத்தத்தில் எரியும் குமிழ் அது. புடைத்த குழல் வெடித்தால் கீழே நிற்கும் பிள்ளைகளின் கதி என்ன?

கேட்கப் போனபோது முதலாளி படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம்.

நீங்கள் திருத்தக் கொடுக்கும்போது குமிழின் எண்ணையும் போர்ட்டையும் திகதி தெரியும்படி படமெடுங்கள். எந்தப் பகுதியை மாற்றினார்கள் என்று பற்றுச்சீட்டில் பெயர் குறித்து எழுதுவியுங்கள். கழற்றிய பழைய பகுதியைக் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதே அனுபவம் உங்களுக்கும் இருந்து, பற்றுச்சீட்டு கைவசம் இருந்தால் நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். ஒருவர் மட்டும் போனால் எளிதில் தட்டிக்கழித்துவிடுவார்கள்.