மெழுகைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லி விற்கிற மரத்தை வாங்காதீர்கள்

41,600 ரூபாய் போய்விட்டது. நேற்று சாயந்திரம்தான் கோத்தகிரியில் என் வீட்டு வேலியோரம் நிற்கிற, வேலியாகப் பழக்கியது என்று நம்பி வாங்கிய எட்டு பேரி மரங்களின் கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்த மாதிரி மரம் வாங்க நினைப்பவர்களுக்காக, வாங்குவது முதல் நடுவது, கிளையை வெட்டிக் கவாத்து செய்வது வரை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அதன் மாடி ஜன்னலில் நின்றால் எங்கள் முற்றமும் துணி காயப்போடும் கொடியும் அப்படியே தெரியும். சுவரை உயர்த்தினால் காய்கறிப் பாத்திக்கு வெயில் கிடைக்காது. அப்போதுதான் மேலைநாட்டுத் தோட்டங்களில் மரத்தையே வேலியாக்குகிற முறையைப் பற்றிப் படித்தேன். ஆள் உயரத்துக்கு வெறும் தண்டு. அதற்கு மேலே கிளைகளை இரண்டு பக்கமும் கிடைமட்டமாக இழுத்துக் கட்டி, அடுத்த மரத்தின் கிளையோடு பின்ன விடுவார்கள். கீழே வெயிலும் காற்றும் வரும், மேலே பச்சைச் சுவர் நிற்கும். இங்கிலாந்தில் ஹிட்கோட் தோட்டத்தில் ஹார்ன்பீம் மரங்களை இப்படி வளர்த்திருக்கிறார்கள். லைம் மரத்திலும் செய்வார்கள் (பெயரைப் பார்த்து எலுமிச்சை என்று நினைக்க வேண்டாம், அது வேறு மரம்). பேரியிலும் இது வரும். பேரி நம் மலைக்குப் பழகிய மரம். அதனால் பேரி என்று முடிவு செய்தேன்.

செடி விற்கிற ஒரு ஆன்லைன் செயலியில் ஒருவர், 'நான்கு வருடம் பழக்கிய பேரி மரம், மூன்று அடுக்குக் கிளை, மூங்கில் சட்டத்தோடு' என்று போட்டிருந்தார். போன் செய்தேன். அவர் விலை பேசவே இல்லை. "காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும் மேடம்? உறைபனி உங்க தோட்டத்துல எங்க தங்கும்? மண்ணுல தண்ணி நிக்குமா?" என்றுதான் கேட்டார். பத்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகள் அவை. எங்கப்பா எஸ்டேட் பங்களாவில் மாலியாக, அதாவது தோட்டக்காரராக இருந்தவர் என்றார். கடைசியில் மேடம் போய் 'அம்மா' ஆகிவிட்டது. "டிசம்பர்ல நடணும்மா, மரம் தூங்குற நேரம், இலை இருக்காது, பயப்படாதீங்க, மாசியில துளிர்க்கும்" என்றார். அதுவும் சரிதான். பேரி குளிர்காலத்தில் இலையை உதிர்க்கும், அப்போதுதான் இடம் மாற்ற வேண்டும். சரியாகப் பேசுகிற ஆள் சரியான மரத்தைத்தான் தருவார் என்று நம்பினேன். மரம் ஒன்று 4,800, எட்டுக்கு 38,400, வண்டிக்கூலி 3,200. மொத்தம் 41,600 ரூபாயையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

பிக்கப் வண்டி இருட்டுகிற நேரத்தில் மழையோடு வந்தது. பையன்கள் அவசர அவசரமாக இறக்கினார்கள். மரங்கள் பார்க்க அழகாக இருந்தன. நேரான தண்டு, சட்டத்தில் கட்டிய கிளைகள், ஒவ்வொரு கிளையின் அடியிலும் கருப்பு மெழுகு. மெழுகு எதற்கு என்று போனில் கேட்டதற்கு, "அது ஒட்டுக் கட்டுன இடம்மா. 90 நாள் தொடாதீங்க, காத்துப் பட்டா ஒட்டு செத்துரும்" என்றார். மாற்றித் தருகிற கெடு 30 நாள் என்று ரசீதில் இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஆறடி இடைவெளியில் நட்டேன். தூண் ஊன்றி ஜி.ஐ. கம்பி இழுத்தேன். ஈரம் காயாமல் மண்மேல் இலைதழை மூடாக்குப் போட்டேன். மாசி முழுக்க தினமும் காலையில் போய் மொட்டு வீங்குகிறதா என்று பார்த்தேன். கீழ்த்தெருவில் எல்லார் வீட்டுப் பேரியும் பூத்தது. என் மரங்கள் மட்டும் குச்சியாகவே நின்றன.

போன் செய்தேன். "புது இடம்மா, பொறுமையா இருங்க." மறுவாரம், "தண்ணி ஜாஸ்தி விட்டுட்டீங்க." அதற்கு அடுத்த வாரம், "உறைபனி பட்டிருக்கும், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." மூன்று மரங்களின் அடியில் மட்டும் பச்சைத் துளிர் வந்தது. படம் அனுப்பினேன். "பாருங்க, உயிரோடதான இருக்கு" என்று பதில் வந்தது. அது ஒட்டுக்குக் கீழே, வேருக்காக அடியில் வைக்கிற வேர்க்கன்றிலிருந்து வருகிற நாட்டுப் பேரித் துளிர். மரம் செத்தாலும் அது வரும். நான் அதைச் சொன்னதும் போன் எடுப்பது நின்றது. செயலியில் புகார் கொடுத்தால், விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, 30 நாள் தாண்டிவிட்டது என்று மூடிவிட்டார்கள். மறுபடி கொடுத்தேன். மறுபடி மூடினார்கள். 41,600 ரூபாய் வாங்கிக்கொண்டவர்களிடம் பேசக்கூட ஆள் இல்லை.

நேற்று, வருடா வருடம் கவாத்துக்கு வருகிற அண்ணன் வந்தார். "டீச்சரம்மா, இதைப் பிரிச்சுப் பாக்கலாமா?" என்றார். கத்தியால் மெழுகைச் சுரண்டி, கட்டை அவிழ்த்து, கிளையை லேசாக இழுத்தார். கிளை கையோடு வந்துவிட்டது. தண்டில் துளை போட்டு, வெட்டிய குச்சியைச் செருகி, மெழுகால் மூடியிருக்கிறார்கள். சட்டத்தில் கட்டியிருந்ததால் விழாமல் நின்றிருக்கிறது. எட்டு மரத்திலும் இதே கதை. ஒன்றைத் தோண்டினோம். கோடரியால் வெட்டிய இரண்டு தடித்த வேர், சல்லிவேர் ஒன்றுகூட இல்லை. எங்கேயோ பழைய தோட்டத்தில் வெட்டிப் போட்ட மரத்தைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். இலை இல்லாத காலத்தில் செத்த குச்சிக்கும் உயிருள்ள குச்சிக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் அவர்கள் முதலீடு. என்னை டிசம்பரில் வாங்க வைத்ததும் அதற்குத்தான்.

எழுதுகிறேன் என்று சொன்னதை எல்லாம் எழுத இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வண்டி நிற்கும்போதே ஒவ்வொரு கிளையிலும் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். அடியில் பச்சை இருக்க வேண்டும், பழுப்பு என்றால் இறக்க விடாதீர்கள். கிளை தண்டிலிருந்து தானாக முளைத்திருந்தால் பட்டை தொடர்ச்சியாக இருக்கும், அடி கொஞ்சம் பருத்திருக்கும். மெழுகோ துணியோ சுற்றியிருந்தால் அங்கேயே பிரித்துப் பாருங்கள். வேரில் மண்ணுருண்டையும் சல்லிவேரும் இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணமும் முதலில் கொடுக்காதீர்கள். உண்மையில் இந்த வேலிக்குப் பழக்கிய மரமே வேண்டாம். ஒரு வயது ஒட்டுக்கன்றை நட்டு, ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி பார்த்து, பச்சையாக வளைகிற தளிரைக் கம்பியில் துணியால் கட்டினால் போதும். முன்னும் பின்னும் நீட்டுவதைக் குளிர்காலக் கவாத்தில் எடுத்துவிடலாம். நாலைந்து வருடம் ஆகும், ஆனால் உயிரோடு இருக்கும்.

ஏமாந்தால் என்னை மாதிரி மாசக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பணம் போனது தெரிந்ததும் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்குப் பேசுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இன்று காலை இரண்டுக்கும் பேசிவிட்டேன். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பிடுங்கிய கிளைகளைப் பேர் எழுதிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மீதி ஏழு மரமும் சாட்சிக்கு அப்படியே நிற்கின்றன.