கூரைக்கு அடியில் ஒரு கோயில்: ஆம்ஸ்டர்டாமில் பார்த்தே ஆகவேண்டிய இடம்

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிற நம்மவர்கள் படகுச் சவாரி, துலிப் தோட்டம், சீஸ் கடை என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் 'ஓன்ஸ் லீவ ஹேர் ஒப் சோல்டர்' என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, 'பரணில் நம் ஆண்டவர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர், அதனால் எனக்கு இது வெறும் பழைய வீடாகத் தெரியவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் கால்வாய்க் கரையில் நிற்கிற எத்தனையோ வீடுகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யான் ஹார்ட்மன் என்ற வியாபாரி 1661இல் இந்த வீட்டையும் அதன் பின்னால் இருந்த இரண்டு வீடுகளையும் வாங்கி, மூன்றின் மேல்தளங்களையும் ஒன்றாக்கி, 1663க்குள் உள்ளே ஒரு கத்தோலிக்கக் கோயிலையே கட்டிவிட்டார். ஏன் ஒளித்துக் கட்டவேண்டும்? 1578இல் கால்வினிஸ்டுகள் என்ற புரட்டஸ்தாந்துப் பிரிவினர் நகரத்துக் கத்தோலிக்க நிர்வாகிகளைப் படகில் ஏற்றி வெளியேற்றிவிட்டு ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள், கோயில்களும் அவர்கள் கைக்குப் போயின. அதன்பிறகு கத்தோலிக்கர் பகிரங்கமாகப் பூசை வைக்க முடியாது. வீதியில் போகிறவனுக்குக் கோயில் என்று தெரியாமல் இருந்து, அதிகாரிக்குக் காசும் கொடுத்துவிட்டால் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

உள்ளே ஏறிப் போகும்போதுதான் அது உறைக்கும். பக்கத்துக் கட்டிடத்தில் டிக்கெட் வாங்கி, நிலத்துக்கு அடியால் பழைய வீட்டுக்குள் வருகிறோம். வரவேற்பறை, சமையலறை, அப்புறம் குறுகலான செங்குத்துப் படிகள். படிக்கட்டின் ஓரத்தில் குருவானவரின் அறை என்று ஒரு பொந்து, சுவருக்குள் அலமாரி மாதிரி ஒரு கட்டில், நம் ஆள் ஒருவர் காலை நீட்டிப் படுக்க முடியாது. இன்னும் கொஞ்சம் ஏறினால் திடீரென்று பீடம், ஆர்கன் வாத்தியம், இரண்டு அடுக்கு மேல்மாடங்கள். மாடங்களின் நடுவை வெட்டியெடுத்துவிட்டு, மீதியைக் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் பிடித்து வைத்திருக்கிறார்கள். பீடத்துக்கு மேலே யாக்கோப் டி வித் வரைந்த இயேசுவின் ஞானஸ்நானம். பீடத்தின் இடது தூணைக் கவனியுங்கள். பிரசங்க மேடை அதற்குள்தான் மடங்கிக் கிடக்கிறது, வேண்டும்போது வெளியே திருப்பி எடுப்பார்கள். ஒரு அடி இடத்தைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் சிலுவை போட்டுக்கொண்டு வாங்கிலில் உட்கார்ந்துவிட்டார், கால் மணி நேரம் எழும்பவில்லை.

முந்தைய நாள் காசு கட்டி ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்ந்திருந்தோம். வழிகாட்டி இந்த வீட்டு வாசலில் நின்று, 'எல்லா மதத்துக்கும் சுதந்திரம் கொடுத்த நகரம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒளிந்திருக்கச் சம்மதித்தால் விட்டுவைப்பதற்குச் சுதந்திரம் என்று பெயரா?

சரி, கத்தோலிக்கர் மட்டும்தான் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. இதே நகரத்தில் கத்தோலிக்கர் ஆட்சி இருந்தபோது, வயதுவந்தபின் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். 1535இல் அவர்களில் ஒரு கூட்டம் நகரசபையைப் பிடிக்க ஆயுதத்தோடு வந்தது உண்மை, ஆனால் யாரையும் அடிக்காத சாதுக்களையும் விடவில்லை. 1569இல் ஆஸ்பெரன் என்ற ஊரில் அப்படிப்பட்ட ஒருவரான டிர்க் வில்லம்ஸ் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுந்தபோது திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார், அதனாலேயே பிடிபட்டார், எரித்தார்கள். எரித்தது எங்கள் ஆட்கள். அதே ஆட்களின் பேரப்பிள்ளைகள்தான் பிறகு பரணில் ஒளிந்து பூசை கண்டார்கள்.

அடுத்தது எங்கள் ஊர்க் கதை. ஹார்ட்மன் கோயில் கட்டுவதற்குச் சில வருடம் முன்பு, 1658இல், ஒல்லாந்தர், அதாவது இதே டச்சுக்காரர்கள், யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அதே வருடம் ஆணை. மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினவர்களின் கதையை மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் திருநாளுக்குப் போன எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். 1687இல் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவான யோசே வாஸ் சுவாமி பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கி, சில்லாலை என்ற கிராமத்தில் இருந்துகொண்டு இரவில் வீடு வீடாகப் பூசை வைத்தார். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே காலம். அங்கே வியாபாரம் செய்கிற கத்தோலிக்கனிடம் காசு வாங்கிக்கொண்டு விட்டுவைத்தவர்கள், இங்கே அவனைப் போர்த்துக்கேயரின் ஆள் என்று பார்த்தார்கள். அந்தப் பரணில் நின்றபோது எனக்குச் சில்லாலைதான் ஞாபகம் வந்தது, அம்மாவுக்கும் அப்படித்தானாம், ரயிலில் வரும்போது சொன்னார்.

போகிறவர்களுக்கு: பழைய வீட்டுப் படிகள் 17ஆம் நூற்றாண்டுப் படிகள், முழங்கால் வலிக்காரர்கள் கயிற்றைப் பிடித்து மெதுவாக ஏறவேண்டும், இறங்கும்போது இன்னும் கவனம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சில ஞாயிறுகளில் இன்றும் அங்கே பூசை நடக்கிறது, முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் அதுவும் கிடைக்கலாம். கால் ஒத்துழைத்தால் அப்படியே சிங்கல் கால்வாய் வரை நடந்து, மெனோனைட்டுகள், அதாவது மறுபடி ஞானஸ்நானம் எடுத்த அந்தச் சாதுக்களின் வழிவந்தவர்கள், 1608இல் வீடுகளுக்குப் பின்னால் கட்டிய கோயிலையும் தேடிப் பாருங்கள். வாசல் கதவு எந்த வீட்டுக் கதவு மாதிரியும்தான் இருக்கும், நாங்கள் ஒருமுறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம்.