கேமெம்லீக் ரிவ்யூ: ஒரு லீக்க புடிச்சு குடுத்துச்சு, இன்னொண்ண விட்டுருச்சு

நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ ரீபூட் பண்ணாம ஓடவே ஓடாத ஒரு லினக்ஸ் மெஷினோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். டாப் போட்டு பாத்தா எந்த ப்ராசஸும் மெமரிய திங்கல, ஆனா ஃப்ரீ மெமரி மட்டும் கரைஞ்சுகிட்டே போகுது, மெம்இன்ஃபோல எஸ்அன்ரீக்ளெய்ம் நம்பர் (லினக்ஸோட மையமான கெர்னல் எடுத்து வச்சுருக்குற, லேசுல திரும்ப வாங்க முடியாத மெமரி) ஏறுது, கெர்னல் மெமரி எந்தெந்த வகைல போகுதுன்னு காட்டுற ஸ்லாப்டாப்ல கேமல்லாக்-256 (256 பைட் துண்டுகள்) மேல வந்து உக்காந்துருக்கு. ஓட்டை கெர்னலுக்குள்ளதான்னு புரிஞ்சுருச்சு. ஆனா கேமல்லாக்-256ல கெர்னல்ல யார் வேணா எடுப்பாங்க, எடுத்தது யாருன்னு ஸ்லாப்டாப் சொல்லாது.

அத சொல்றதுக்குத்தான் கேமெம்லீக், கெர்னல்ல எடுத்துட்டு திருப்பி குடுக்காம விட்ட மெமரிய, அதாவது லீக்க, தேடிக் காட்டுற டூல். கேட்டலின் மரினாஸ் எழுதுனது, 2009ல வந்த 2.6.31லேர்ந்து கெர்னலோடயே வருது, கான்ஃபிக்ல ஆன் பண்ணி திரும்ப பில்ட் பண்ணா போதும். கேமல்லாக், விமல்லாக்னு கெர்னல் ஃபங்ஷன் வழியா யார் மெமரி கேட்டாலும் அட்ரஸையும் பேக்ட்ரேஸையும் (எந்தெந்த ஃபங்ஷன் வழியா கேட்டாங்கங்கிற பட்டியல்) குறிச்சு வச்சுக்கும், அப்பறம் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ மெமரிய ஸ்கேன் பண்ணி இந்த அட்ரஸ எந்த பாயிண்டராவது (அட்ரஸ குறிச்சு வச்சுருக்குற வேரியபிள்) புடிச்சுட்டு இருக்கான்னு தேடும், யாருமே புடிக்கலன்னா அது அனாதை, ரிப்போர்ட்ல வந்துரும்.

எனக்கு வந்த ரிப்போர்ட்ல சைஸ் 256, கீழ மொத 32 பைட்டோட ஹெக்ஸ் டம்ப் (உள்ள இருக்குறத நம்பராவும் எழுத்தாவும் காட்டுறது), அதுக்கும் கீழ பேக்ட்ரேஸ். ஹெக்ஸ் டம்ப்போட வலது ஓரத்துல நாங்க வெளிலேர்ந்து வாங்கி போட்ட ஒரு டிரைவரோட கமாண்ட் பேரு எழுத்தாவே தெரிஞ்சுச்சு, அத பாத்ததும் அப்படி ஒரு நிம்மதி! எல்லா ரிப்போர்ட்லயும் அதே பேக்ட்ரேஸ். அந்த ஃபங்ஷன தொறந்தா, டிவைஸ் பதில் சொல்லாம டைம்அவுட் ஆனா கோட்டூ (கோட்ல வேற இடத்துக்கு குதிக்க சொல்ற வரி) தப்பான லேபிளுக்கு போகுது, மெமரிய திருப்பி குடுக்குற கேஃப்ரீய தாண்டி குதிச்சுருது. ஒரே வரி மாத்துனேன்.

குறையும் இருக்கு. மெஷின் நல்லாவே ஸ்லோ ஆகுது, அதனால ப்ரொடக்‌ஷன்ல போட மாட்டேன். பேஜ் பேஜா நேரா அலாகேட் பண்றத இது கண்காணிக்காது. சில சமயம் லீக் இல்லாததையும் லீக்னு காட்டும், அதனால டெஸ்ட்டுக்கு முன்னாடி க்ளியர் பண்ணிட்டு, முடிஞ்சதும் ரெண்டு தடவ ஸ்கேன் குடுத்து பாருங்க.

இத விட பெரிய குறை அதுக்கப்பறம்தான் தெரிஞ்சுது. மொத லீக்க அடைச்சும் கேமல்லாக்-64 மெதுவா ஏறிட்டே இருந்துச்சு, கேமெம்லீக் வாயே தொறக்கல. ஏன்னா அந்த ஆப்ஜெக்ட் எல்லாம் ஒரு லிஸ்ட்ல கோத்து கெடந்துச்சு, பாயிண்டர் இருக்கு, அப்ப அதோட கணக்குல அது லீக்கே இல்ல. கடைசில ஸ்லப் டீபக்ல யூ ஆப்ஷன் (மெமரிய எடுத்தது யாருன்னு குறிச்சு வைக்க சொல்றது) போட்டு பூட் பண்ணி, கெர்னலோட டீபக் விவரம் ஃபைலா கெடக்குற டீபக்எஃப்எஸ்ல கேமல்லாக்-64க்கான அலாக் ட்ரேசஸ் ஃபைல ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ எடுத்து பாத்தேன், மொத வரில ஒரே ஃபங்ஷனோட கவுண்ட் மட்டும் விடாம ஏறுச்சு. அதே டிரைவர்தான், க்ளோஸ் பண்றப்ப லிஸ்ட்லேர்ந்து எடுக்கவும் இல்ல, ஃப்ரீ பண்ணவும் இல்ல.